அரிவாளை யார் உருவுவது

ஒரு ஊரில் ஒரு அரிவாள் இருந்ததாம். சும்மா சுவரில் தொங்க மனமில்லாமல் அது ஒரு தோளைத் தேடிப் போய் உட்கார்ந்ததாம். அந்த ஊர் பூவாணிக்குளம். அந்தத் தோள் என்னுடையது, இடது பக்கம்.

எங்கள் ஊரில் ஒருவன் மேல் அரிவாள் விழுந்தால் அதை உடனே எடுத்துவிட மாட்டார்கள். எந்தக் காரணத்தால் விழுந்ததோ, அந்தக் காரணம்தான் வந்து எடுக்க வேண்டும். வெறுப்பால் விழுந்தது என்று முடிவானால், அந்த வெறுப்பு யார் யாரிடம் இருக்கிறதோ அத்தனை பேரும் வந்து கைப்பிடியில் கை வைத்து, ஆளுக்குக் கொஞ்சமாக உருவித் தர வேண்டும். போதையால் விழுந்தது என்று முடிவானால் போதை வந்து உருவ வேண்டும். நடுவில் வேறு யாரும் உருவக் கூடாது. டாக்டர்கூடத் தொட மாட்டார். "காரணம் தெரியாம நான் கை வச்சேன்னு வையி, அது என் கையில ஒட்டிக்கிடும். எனக்கும் புள்ளகுட்டி இருக்குப்பா" என்று சொல்லி, அரிவாளைச் சுற்றி மஞ்சள் மருந்து தடவி அனுப்பிவிட்டார்.

காரணம் எது என்று முடிவு செய்யப் பட்டிமன்றம் வைப்பார்கள். கோர்ட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பட்டிமன்றம் கோயில் வாசலிலேயே நடக்கும், சிரிப்பும் இருக்கும். எல்லா வழக்கும் எங்கள் ஊரில் அப்படித்தான் தீர்ந்திருக்கிறது. கீழத்தெருவில் ஒரு குடிசை எரிந்தபோது, எரித்தது காற்றுதான் என்று தீர்ப்பாயிற்று. வீட்டைக் கட்டிக் கொடுக்க வேண்டிய பொறுப்பும் காற்றுடையதாயிற்று. அந்தக் குடும்பம் இன்னும் வாசலில் பாயைப் போட்டுக் காற்றை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. ஆடி மாதத்தில் அவர்களுக்கு நம்பிக்கை கூடும்.

என் பெயர் உச்சிமாகாளி. முக்குரோட்டில் பரோட்டா மாஸ்டர். வெட்டு விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், பெரிய கதை ஒன்றும் இல்லை. நான் கீழத்தெரு. எங்கள் தெருக்காரர்கள் மழைக்காலத்தில் மேலத்தெரு வழியாகப் போனால், பிள்ளையார் கோயில் முக்கில் குடையை மடக்கிக்கொள்ள வேண்டும். பால் சொசைட்டியைத் தாண்டியதும் விரித்துக்கொள்ளலாம். நனைந்தபடி நடக்கிற அந்தத் தூரத்துக்கு மரியாதை என்று பெயர். நானும் அந்த மரியாதையில் நனைந்து நனைந்து வளர்ந்தவன்தான். அன்றைக்கு ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டதால் மேலத்தெரு வழியாக வர வேண்டியதாயிற்று. ஒரு கையில் குடை. மறு கையில் அக்காவுக்கு வாங்கிய பரோட்டா, சால்னா பார்சல். குடையை மடக்க இரண்டு கை வேண்டும்.

மேலத்தெருவில் கோமதிநாயகம் என்று ஒரு பையன். என் வயதுதான். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே வகுப்பு. வீட்டு வாசலில் நின்று தேங்காய் சீவிக்கொண்டிருந்தான்.

"ஏல, குடைய மடக்குல" என்றான்.

"கையில சால்னா இருக்கு அண்ணாச்சி. கொட்டிரும்" என்றேன்.

"நனைஞ்சாத்தாம்ல நீங்கள்லாம் நீங்க" என்று சொல்லி அவன் அரிவாளை வீசினான். சால்னா கொட்டவில்லை. அதை நான் கெட்டியாகப் பிடித்திருந்தேன்.

தெருவில் எல்லோரும் வாசலில்தான் நின்றார்கள். ஒருவர் வந்து குடையை மட்டும் மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

தோளில் அரிவாளோடு இருப்பது பழகிவிட்டது. அக்கா சண்முகக்கனி என் சட்டைகளின் இடது தோளை வெட்டி, கைப்பிடியைச் சுற்றிப் பொத்தான் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். குப்புறப் படுத்துத் தூங்கினேன். பஸ்ஸில் கண்டக்டர், "கைப்பிடிய வெளிய நீட்டாதீங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். ஆனால் இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக மரத்துப் போய்க்கொண்டிருந்தன. முதலில் சுண்டுவிரல். பிறகு மோதிரவிரல். பரோட்டா வீச இரண்டு தோளும் பத்து விரலும் வேண்டும். கட்டைவிரலும் மரத்துவிட்டால் அப்புறம் உருவியும் பிரயோசனம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா பீடி சுற்றுகிறவள். தினமும் வேலையை ஆரம்பிக்கும் முன் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்ப்பாள். வலித்தால் அவளுக்குச் சந்தோசம்.

"தீர்ப்பு வெறுப்புன்னு வரணும்ல" என்பாள். "கஞ்சான்னு வந்துச்சுன்னா உன் கை அவ்வளவுதான். கஞ்சாப் பொட்டலத்துக்குக் கையா இருக்கு, வந்து உருவ?"

ஊர் வேறு மாதிரி நினைத்தது. வெறுப்பு என்று தீர்ப்பு வந்தால் மேலத்தெரு முழுக்க வரிசையில் நின்று என் தோளிலிருந்து உருவ வேண்டும். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது அளவோடு தெரிந்துவிடும். அது ஊருக்கு அழகில்லை. ஆகவே வெட்டு விழுந்த மறுநாளே, கோமதிநாயகம் கஞ்சா குடித்திருந்தான் என்பது ஊருக்கு ஞாபகம் வந்துவிட்டது. டீக்கடையில் ஞாபகம் வந்தது. பால் சொசைட்டியில் ஞாபகம் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் செண்பகராமனுக்கு, அவன் குடித்த புகையின் நிறம்கூட ஞாபகம் வந்தது.

ஞாபகம் வராத ஒரே ஆள் கோமதிநாயகம். அவன் டீகூடக் குடிக்க மாட்டான். பாக்குப் போட மாட்டான். வெல்லம் கலந்த பால்தான். அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் நல்ல மனிதர்கள். "பையன் வெட்டுனா வெட்டிட்டுப் போறான், கெட்ட பழக்கம் மட்டும் இருக்கப்படாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தலைவர் செண்பகராமன் அவன் வீட்டுக்கே போய், "ஊர் மானம்டே. ரெண்டு இழுப்பு இழுத்துக்கோ. பழகிரும்" என்று கெஞ்சிப் பார்த்தார். அவன் மறுத்துவிட்டான். அவனுடைய அம்மா தலைவரிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "எம்புள்ள மேல அப்பிடி ஒரு பழிய மட்டும் போட்றாதீய" என்று அழுதாளாம்.

ஆக ஊரில் வெறுப்பு என்று தீர்ப்பு வர வேண்டும் என்று விரும்பியவர்கள் நான், அக்கா, கோமதிநாயகம், அவனுடைய அம்மா. இப்படி நாங்கள் ஒரு கட்சியானோம்.

கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போட்ட பந்தல் பிரிக்காமல் இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை காலை அதிலேயே பட்டிமன்றம் என்று முடிவாயிற்று. முக்கில் பெரிய பேனர் வைத்தார்கள். 'அரிவாள் விழப் பெரிதும் காரணம் வெறுப்பே! போதையே!' நடுவில் நடுவர் படம். ஒரு மூலையில் கூலிங் கிளாஸ் போட்ட கோமதிநாயகம். மறு மூலையில் நான். அரிவாள் பேனரில் அடங்கவில்லை என்று அதை வெட்டிவிட்டிருந்தார்கள்.

நடுவர் பேராசிரியர் தாணுமூர்த்தி வெளியூர். சிரிப்பருவி என்று பட்டம் பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் இரண்டு பக்கமும் நோகாமல் தீர்ப்புச் சொல்வார் என்று பெயர். வந்ததும் எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்குப் போர்த்த வந்தவர் கைப்பிடியில் துணி மாட்டியதால் கொஞ்ச நேரம் சிரமப்பட்டு, கடைசியில் அதன் மேலேயே தொங்கவிட்டுவிட்டுப் போனார்.

அணிக்கு மூன்று பேர். போதையே என்று பேசத் தலைவர் செண்பகராமன், அவருடைய மைத்துனர், ராமலெட்சுமி டீச்சர். டீச்சர் எங்கள் இருவருக்கும் பாடம் எடுத்தவர். வெறுப்பே என்று பேச ஊரில் ஆள் கிடைக்கவில்லை. குமாரவேல் என்கிற மேடைப் பேச்சாளரை வெளியூரிலிருந்து வரவழைத்தார்கள். போன வாரம் வேறு ஒரு ஊரில் இதே தலைப்பில் போதையே என்று பேசிக் கோப்பை வாங்கியவர். இரண்டாவதாகக் கோமதிநாயகம். மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது. காலி நாற்காலி அபசகுனம் என்று என்னை அதில் உட்கார வைத்தார்கள். சாய முடியாததால் நுனியில் உட்கார்ந்தேன். கட்டைவிரலில் மட்டும் உணர்ச்சி இருந்தது. அக்கா முன்வரிசையில் இருந்தாள்.

நடுவர் எழுந்தார். "பொண்டாட்டி பூரிக்கட்டையால அடிக்கா. அது வெறுப்பா, போதையா?" என்று கேட்டார். கூட்டம் யோசித்தது. "பாசம்யா, பாசம்! வெறுப்பா இருந்தா பூரியே போட்டிருக்க மாட்டாளே!" என்றார். கூட்டம் குலுங்கியது. நானும் சிரித்தேன். சிரித்தால் அரிவாள் ஆடும். ஆடினால் வலிக்கும். அதனால் அடுத்த நகைச்சுவைக்கு மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

தலைவர் செண்பகராமன் முதலில் பேசினார். "நடுவர் அவர்களே! நம்ம ஊருல வெறுப்புன்னு ஒரு பொருளே கெடையாது. வேணும்னா எந்தக் கடையிலயும் கேட்டுப் பாருங்க, வெறுப்பு ஒரு கிலோ குடுன்னு. கெடைக்குமா? கெடைக்காது. கஞ்சா கேளுங்க, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலயே கெடைக்கும்! கெடைக்கிற பொருள்தானய்யா காரணமா இருக்க முடியும்?"

கைதட்டல். நடுவர், "நல்ல பாயிண்டு" என்றார்.

எங்கள் அணித் தலைவர் குமாரவேல் எழுந்து, பழைய பாட்டு ஒன்றை நான்கு வரி பாடிவிட்டு, "நடுவர் அவர்களே, மனிதனை மிருகமாக்குவது கஞ்சா..." என்று உருக்கமாக ஆரம்பித்தார். நான் அவருடைய வேட்டியை இழுத்தேன். "...என்று எதிரணியினர் சொல்வார்கள்" என்று சமாளித்துக்கொண்டார். பிறகும் இரண்டு முறை போன வாரத்துப் பேச்சு வந்துவிட்டது. அந்த இரண்டு இடத்திலும்தான் நல்ல கைதட்டல்.

அடுத்து டீச்சர். "ரெண்டு பேரும் என் பிள்ளைங்கதான். ஒரே பெஞ்சுல உக்கார வச்சிருக்கேன்" என்று தழுதழுத்தார். அது உண்மைதான். நான் பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அதுவும் அந்தப் பெஞ்சுதான். "கோமதி தங்கமான பையன். அவன் கை அது இல்ல. கஞ்சா அவன் கைய இரவல் வாங்கிருக்கு."

அக்காவால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"ஏன் டீச்சர், குடைய மடக்குல மடக்குலன்னு கஞ்சாவா சொல்லிச்சு?"

பார்வையாளர் பேசக் கூடாது, கைதட்ட மட்டும்தான் செய்யலாம் என்று மைக்கில் அறிவித்தார்கள். ஆனாலும் டீச்சர் மரியாதையாகப் பதில் சொன்னார். "ஆமாம்மா, கஞ்சாதான் சொல்லிச்சு. அது நம்ம மலையில வெளஞ்ச கஞ்சா. நம்ம தண்ணி குடிச்சு வளந்தது. ஊர்ப் பழக்கவழக்கம் அதுக்குத் தெரியாமப் போவுமா?"

"அப்ப வெளியூர்க் கஞ்சாவா இருந்தா எந்தம்பி தப்பிச்சிருப்பானா?"

"தப்பிச்சிருப்பான்மா. அதத்தான் நானும் சொல்லுதேன். உள்ளூர்க் கஞ்சாவ ஒழிக்கணும்."

நடுவர், "அருமை, அருமை" என்றார். அக்கா உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, அப்புறம் யோசித்து மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.

கோமதிநாயகம் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு மேடைப் பழக்கம் இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம். நான் டீகூடக் குடிக்க மாட்டேன். பொண்ணு வீட்டுலேர்ந்து வந்திருக்காவ, அவுங்க முன்னாடி சொல்லுதேன். தெளிவாத்தான் வெட்டுனேன். கஞ்சா வாசனை எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியாது. அவன் குடையப் பாத்தேன், வயிறு எரிஞ்சுது, வெட்டுனேன். இதுக்குப் போயி எதுக்குய்யா கஞ்சா?"

அவன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். நல்ல குடும்பம்தான் என்கிற தலையாட்டல்.

"வயிறு ஏன்பா எரிஞ்சுது?" என்றார் நடுவர். "காரம் சாப்பிட்டியா?" கூட்டம் சிரித்தது.

"சொல்லிக் குடுத்தாவ சார். சின்னதுலேர்ந்து சொல்லிக் குடுத்தாவ."

"யாரு?"

"எல்லாரும்தான்" என்று கோமதிநாயகம் பந்தலைக் காட்டினான்.

முதல் வரிசை இரண்டாம் வரிசையைத் திரும்பிப் பார்த்தது. இரண்டாம் வரிசை மூன்றாம் வரிசையைப் பார்த்தது. இப்படியே போய், கடைசி வரிசை திரும்பி, பின்னால் இருந்த சுவரைப் பார்த்தது. சுவரில் பல்பொடி விளம்பரம் இருந்தது.

"பேச்செல்லாம் எதுக்கு?" என்றான் கோமதிநாயகம். "வெறுப்பா இருந்தா நான் உருவுனா வரணும்லா? உருவிக் காட்டுதேன்."

விதிப்படி அது சரிதான். நடுவர் அனுமதித்தார். டாக்டர் பஞ்சோடு எழுந்து நின்றார். கோமதிநாயகம் என் பின்னால் வந்து பொன்னாடையை விலக்கி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தான். "வலிச்சாச் சொல்லுல" என்றான் காதருகில். ஒரு காலை நாற்காலியில் ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தான்.

அரிவாள் வந்தது. நகக்கண் அளவு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவன் முகம் சிவக்க இன்னொரு தரம் இழுத்தான். அசையவில்லை. அவனுடைய பங்கு அவ்வளவுதான்.

வெட்டினவனுடையதே நகக்கண் அளவுதான் என்றால், தோளுக்குள் இன்னும் ஒரு சாண் இரும்பு இருக்கிறதே, அது யாருடையது என்று ஒவ்வொருவரும் யோசிப்பது எனக்கு மேடையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. என் கட்டைவிரல் துடித்தது. நம்பிக்கை வந்துவிட்டது.

தலைவர் செண்பகராமன் துள்ளி எழுந்தார். "நடுவர் அவர்களே! நகக்கண் அளவு வெறுப்பு, ஒத்துக்கிடுதோம். பாக்கி? பாக்கி ஒரு சாண்? அது கஞ்சா இல்லாம வேற என்னய்யா?"

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பித் தட்டினார்கள்.

எனக்குப் பேச வாய்ப்பு வந்தபோது நேரம் முடிந்திருந்தது. "பாதிக்கப்பட்டவர் ரத்தினச் சுருக்கமா ஒரு வார்த்தை" என்றார் நடுவர். நான் எழுந்து, "கட்டைவிரல் போறதுக்குள்ள யாராவது உருவிருங்க" என்றேன். "இது ஒரு வார்த்தைக்கு மேல" என்று அவர் சொல்ல, மறுபடி சிரிப்பு.

தீர்ப்புச் சொல்ல நடுவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ரெண்டு அணியும் அற்புதமாப் பேசினாங்க. நகக்கண் அளவு வெறுப்பு மனுசனுக்கு இருக்கத்தான்யா செய்யும். சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி. அதுவும் இல்லேன்னா ஊரு சப்புன்னு போயிரும். ஆனா பெருங்காயத்தால வயிறு நிறையுமா? ஆகவே, அரிவாள் விழப் பெரிதும் காரணம்..." என்று நிறுத்தினார். பெண் வீட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். "...போதையே, போதையே!"

வெடி போட்டார்கள். எங்கள் அணித் தலைவர் குமாரவேலும் பழக்கத்தில் எழுந்து நின்று கையசைத்தார். பெண் வீட்டார் வெற்றிலைத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். கோமதிநாயகத்தின் அம்மா பின்னாலேயே ஓடி, "எம்புள்ள நல்லவன், வெறுப்புல வெட்டுனவன்" என்று வேன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் என் பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"கேட்டியா மாகாளி?" என்றான். "நம்ம கட்சி தோத்துட்டு."

"ஆமா அண்ணாச்சி."

"இனிமே டீ குடிக்க வேண்டியதுதான்" என்று எழுந்து போனான்.

தீர்ப்புப்படி கஞ்சாவைக் கொண்டுவந்தார்கள். ஸ்டேசனிலிருந்து ஏட்டையா ஒரு பொட்டலத்தை ஜீப்பில் முன்சீட்டில் வைத்துக் கூட்டிவந்தார். உள்ளூர் விளைச்சல். அதற்கும் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு வாழைநாரால் அரிவாளின் கைப்பிடியில் கட்டி, உருவுமாறு கேட்டுக்கொண்டார்கள். பொட்டலம் தொங்கியது. கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. "கஞ்சா மெதுவாத்தான் வேலை செய்யும்" என்று ஏட்டையா அனுபவத்தில் சொன்னார். என் கட்டைவிரல் நுனி குளிர ஆரம்பித்தது. அக்கா மேடை ஏறி வந்து அதைக் கிள்ளினாள். கொஞ்சமாக வலித்தது. "இருக்கு இருக்கு, இன்னும் இருக்கு" என்று சொல்லி என் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தாள்.

சும்மா காத்திருக்க யாருக்கும் பொழுது போகவில்லை. யாரோ ஒரு பையன் செல்போனை எடுத்து, "தலைவரே, அரிவாளோட ஒரு போட்டோ" என்றான். தலைவர் செண்பகராமன் மேடையேறி, என் தோளில் ஒரு கையும் கைப்பிடியில் ஒரு கையும் வைத்துச் சிரித்தார். கையை எடுத்தபோது அரிவாள் இரண்டு விரற்கடை வெளியே வந்திருந்தது.

"கஞ்சா உருவ ஆரம்பித்துவிட்டது!" என்று மைக்கில் அறிவித்தார்கள். "போட்டோ எடுத்துக்கொள்ள விரும்பும் பொதுமக்கள் வரிசையில் வரவும்."

வரிசை பால் சொசைட்டி வரை நின்றது. ஒவ்வொருவராக வந்தார்கள். கைப்பிடியைப் பிடித்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் வந்தது. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்த பெரியவருக்கு நூல் அளவு வந்தது. டீச்சர் ஒரு விரலால்தான் தொட்டார், தலைவரைவிடக் கூடுதலாகவே வந்தது. "பொட்டலம் நல்ல வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஒரு தாய் தன் கைக்குழந்தையின் கையைப் பிடித்துக் கைப்பிடியில் வைத்துப் படம் எடுத்தாள். மயிரிழை அளவு வந்தது. எங்கள் தெரு வேலு மாமாவும் வரிசையில் வந்தார். சின்ன வயதில் மழை வந்தால், குடையை மடக்கு மடக்கு என்று எங்கள் தலையில் குட்டிக் கூட்டிப் போனவர். "ஒரு படம் எடுத்துக்கிடுதேன் மருமகனே" என்று பிடித்தார். அவருக்கும் அசைந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அரிவாள் நகர நகர, விரல்கள் திரும்பின. நடுவிரல் வந்தது. மோதிரவிரலில் எறும்பு ஊர்ந்தது. அக்கா ஒவ்வொன்றாகக் கிள்ளி, "வலிக்கால? வலிக்கால?" என்று கேட்டு அழுதாள். "நீயும் ஒரு போட்டோ எடுத்துக்கோக்கா" என்றேன். "வேண்டாம்ல" என்றாள். "நான் தொட்டா உள்ள போனாலும் போயிரும். இன்னைக்குக் காலையிலேர்ந்து எனக்கும் கொஞ்சம் இருக்கு."

வரிசை முடிந்தது. கடைசியாக நுனி மட்டும் உள்ளே இருந்தது. மேலத்தெருவில் தொடாதவர் யாரும் மிச்சமில்லை. கஞ்சா களைத்திருக்கும் என்று சொல்லி, ஏட்டையா அதை அவிழ்த்து, பொன்னாடையோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். டாக்டர், "முழுசா வந்ததும் ஆஸ்பத்திரிக்கு வாப்பா" என்று பஞ்சை என் பையில் வைத்துவிட்டுப் போனார். அக்கா ஆட்டோ பிடிக்க ஓடினாள். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சுண்டுவிரல் மட்டும் இன்னும் திரும்பவில்லை.

மேடையில் நடுவர் தாணுமூர்த்தி இருந்தார். அவரை பஸ் ஏற்றிவிட வேண்டியவர்கள் மறந்துவிட்டார்கள்.

"தம்பி, நானும் ஒரு படம் எடுத்துக்கலாமா? வந்ததுக்கு ஒரு ஞாபகமா" என்றார்.

"எடுத்துக்கோங்க ஐயா" என்றேன்.

எடுக்க ஆள் இல்லாததால் அவரே ஒரு கையில் போனை நீட்டி, மறு கையால் கைப்பிடியைப் பிடித்து, இரண்டு பக்கமும் நோகாத ஒரு சிரிப்புச் சிரித்தார். அரிவாள் முழுவதுமாக அவர் கையோடு வந்துவிட்டது. என் சுண்டுவிரல் வலித்தது. நான் பஞ்சை எடுத்துத் தோளில் அழுத்திக்கொண்டேன்.

வெளியே வந்த அரிவாள் வெயிலில் கண் கூசிச் சிணுங்க ஆரம்பித்தது. நடுவர் தமது பொன்னாடையை எடுத்து அதைக் கழுத்து வரைக்கும் சுற்றினார். மடியில் போட்டு ஆட்டிப் பார்த்தார். அடங்கவில்லை. எழுந்து தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகில் மெல்லத் தட்டிக் கொடுத்தார். அது ஒரு விக்கல் விக்கிவிட்டு அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கிப் போயிற்று.

"ஐயா, பஸ் ஸ்டாப்புக்கு இந்தப் பக்கமாப் போகணும்" என்றேன்.

அவர் உதட்டில் விரலை வைத்தார். "மெதுவாப் பேசுங்க தம்பி. இப்பத்தான் கண்ணசந்திருக்கு. சாயங்காலம் அடுத்த ஊருல நிகழ்ச்சி வேற இருக்கு."

நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் படியிறங்கி, பள்ளம் மேடு பார்த்து, குலுங்காமல் அடியெடுத்து வைத்து, தட்டிக் கொடுத்துக்கொண்டே நடந்து போனார்.